கைக்கணக்கும் கரண்டிக் கணக்கும்

போரினால் வடக்கில் வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் ஒதுங்கின. மண்வெட்டிக்கு வேலையில்லாத இடத்தில் அடுப்பு கைகொடுத்தது. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் செய்து கடைகளுக்குக் கொடுப்பது சிறு முதலுடன் தொடங்கக்கூடிய தொழில். ஆனால் உள்ளுக்கு வைக்கும் கறியில் ஒருநாள் உப்புக் கூடினால் அன்றைய முதல் போய்விடும். மறுமுறை கடைக்காரர் வாங்கத் தயங்குவார்.

ஊரில் நாம் உப்பை அளந்ததில்லை. ஆனையிறவுக் கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டோம். அந்த உப்பளம் 1990இல் போரினால் மூடப்பட்டது. 2025 மார்ச்சில்தான் அங்கே புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கொழும்புக் கடைகளில் பைக்கற்றில் வாங்குவது பெரும்பாலும் தூளுப்பு. கல்லுப்பின் இடையே வெளி அதிகம், தூளுப்பு நெருங்கியிருக்கும். ஆகவே அதே கையளவில் தூளுப்பின் நிறை கூடும். பழைய கைக்கணக்கு பிழைப்பது இதனால்தான். விற்பனைக்குச் செய்யும்போது கரண்டிக் கணக்கே நல்லது.

1. தூளுப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி ஏறக்குறைய 5 முதல் 6 கிராம். ஒரு கிலோ கறிக்கு இரண்டு மட்டத் தேக்கரண்டி போதும்.

2. மாசி, கருவாடு, ரின்மீன் ஆகியவற்றில் ஏற்கெனவே உப்பு உண்டு. அவற்றைச் சேர்த்தால் ஒரு கரண்டியுடன் தொடங்குங்கள்.

3. வெங்காயம், லீக்ஸ், கோவா உப்புப் பட்டதும் நீர் விடும். அந்த நீர் வற்றும்வரை வதக்கிய பின்னரே மசித்த உருளைக்கிழங்கைச் சேருங்கள். ஈரம் நின்றால் ரோல்ஸ் எண்ணெயில் வெடிக்கும்.

4. கல்லுப்புத்தான் இருந்தால் வெந்நீரில் கரைத்து விடுங்கள். மசித்த கிழங்கில் அது கரையாமல் பல்லில் கடிபடும்.

5. தேசிக்காய்ப் புளி விட்டு, கறி ஆறிய பின் ருசி பாருங்கள். முதலில் ஒரு ரோல்ஸை மட்டும் பொரித்துச் சாப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. வெளிமாவு சப்பென்றிருப்பதால், தனியே சற்றுத் தூக்கலாகத் தெரியும் உப்பு உள்ளே போனதும் அளவாக இருக்கும்.

உப்புக் கூடிவிட்டால் உப்பில்லாமல் அவித்த கிழங்கைச் சேர்த்துக் கறியைப் பெருக்குங்கள். புளி உப்பை மறைக்குமேயன்றிக் குறைக்காது.

வாங்கிச் சாப்பிடுபவரின் உடல்நலமும் நமது பொறுப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மேற்சொன்ன அளவில் 60 கிராம் கறி வைத்த ரோல்ஸ் இரண்டில், மாவின் உப்பு நீங்கலாகவே ஒரு கிராமுக்கு மேல் உண்டு. வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்குத் தனியாக உப்புக் குறைத்து எடுத்து வையுங்கள்.

அயடீன் சேர்த்த உப்பையே வாங்கி, மூடியுள்ள போத்தலில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். ஒரு கொப்பியில் கிழங்கின் நிறை, உப்பின் அளவு, திரும்பி வந்த எண்ணிக்கை மூன்றையும் நாள்தோறும் எழுதுங்கள். விதைப்புக் கணக்குப் பார்த்த கைகளுக்கு இந்தக் கணக்கு கடினமானதல்ல.