இயற்கை விளைபொருள்: விற்குமுன் நாம் அறிய வேண்டியவை



"இயற்கை அரிசி இருக்கிறதா?" என்று கேட்கும் வாடிக்கையாளர் இன்று தெருமுனை மளிகைக் கடைக்கும் வந்துவிட்டார். "இருக்கிறது" என்று சொல்லுமுன் அதன் பொருளை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல், தொழு உரம், பசுந்தாள் உரம் முதலியவற்றைக் கொண்டு விளைவிப்பதே இயற்கை வேளாண்மை. இன்று ரசாயனத்தை நிறுத்தினால் நாளையே சான்றிதழ் கிடைத்துவிடாது. நெல், பயறு போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் மாற்றக் காலம் உண்டு. அந்நாட்களில் விளைச்சல் குறையலாம். உரிய விலையும் கிடைக்காது. சரக்கின் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் என்ன நன்மை? 2014-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன்' இதழில் 343 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியானது. சாதாரண விளைபொருள்களில் பூச்சிமருந்து எச்சம் நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுவதாக அது கூறுகிறது. சத்து கூடுதலா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆகவே "நோய் தீரும்" என்றெல்லாம் சொல்லி விற்பது முறையன்று. "மருந்து எச்சம் குறைவு" என்பதே போதும்.

உண்பவர் மட்டுமல்ல, விளைவிக்கும் ஊரும் இதில் அடங்கும். நாம் விற்கும் முந்திரியையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் பல ஆண்டுகள் எண்டோசல்பான் வான்வழியே தெளிக்கப்பட்டது. சுற்றுப்புறக் கிராமங்களில் பிறவிக் குறைபாடுகளும் நோய்களும் பெருகியதாக எழுந்த நீண்ட போராட்டத்துக்குப் பின், 2011-ல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது.

இனி நம் கிடங்குக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் சான்று பெற்ற பாசிப்பயறு இருபது மூட்டை வாங்கி, மற்றச் சரக்கோடு சேர்த்தே அடுக்கினோம். வண்டுக்காகக் கிடங்கில் மாத்திரை வைத்தபோது அதுவும் புகையில் அகப்பட்டது. இரண்டாண்டு பாடுபட்டு விவசாயி காத்த தூய்மை ஓர் இரவில் போயிற்று! உண்மையைச் சொல்லிச் சாதாரண விலைக்கே விற்றோம். நட்டம்தான், ஆனால் கடையின் பெயர் நின்றது.

அன்று கற்ற பாடம்: இயற்கைச் சரக்குக்குத் தனி இடம் வேண்டும். ஒரு மாதத்தில் விற்கும் அளவே கொள்முதல் செய்ய வேண்டும். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டின்னில் வைக்க வேண்டும். நம் முன்னோர் செய்தபடி காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை போட்டு வைக்கலாம்.

சட்டமும் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, 'இயற்கை விளைபொருள்' என்று விற்கும் சரக்குக்குச் சான்று தேவை. பொட்டலத்தில் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிறு விவசாயி தாமே நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் விலக்கு உண்டு. நம் கடை வழியே விற்றால் அது பொருந்தாது. பில்லும் சான்றிதழ் நகலும் கோப்பில் இருக்கட்டும். சாதாரண மூட்டையைப் பிரித்து 'இயற்கை' என்று அட்டை எழுதி வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

கண்ணால் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுப்பது நம் சொல்லை நம்பித்தான். அந்த நம்பிக்கையே நம் முதல், அதைக் காப்போம்.