பரீட்சிக்கப்படாத காப்புப் பிரதி

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், 'லங்கா அரசாங்க கிளவுட்' எனப்படும் அரச கணனிக் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கோரும் 'ரான்சம்வேர்' எனும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்கள் பயன்படுத்திய சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் இதனால் பாதிக்கப்பட்டன.

கட்டமைப்பு 12 மணித்தியாலங்களுக்குள் மீண்டும் இயங்க வைக்கப்பட்டதாக அதனை நிர்வகித்த தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அறிவித்தது. ஆயினும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்குரிய மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. நூறு நாட்களுக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து மீட்க முடியாதவாறு அழிந்துபோனது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்கு அமைய நாடு கடன் மறுசீரமைப்பில் ஈடுபட்டிருந்த காலம் அது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

பயன்பாட்டில் இருந்த 'மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013' என்ற மென்பொருள் காலாவதியானதும் பாதுகாப்புக் குறைபாடுகள் கொண்டதுமாகும். அதனைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்தபோதிலும் நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் தாமதமானது என்று விளக்கமளிக்கப்பட்டது. மென்பொருள் பழையதாக இருந்தமை தாக்குதலுக்கு வழிவிட்டது. இழப்பு நிரந்தரமானதற்கோ காப்புப் பிரதி இல்லாமையே காரணமாகும்.

காப்புப் பிரதி என்றால் என்ன? மூலத் தரவு அழிந்தாலும் எஞ்சியிருக்கக்கூடிய, வேறோர் இடத்திலுள்ள இன்னொரு பிரதியே அது. ஒரே நேரத்தில் இரு கணனிகளில் ஒரே தரவைப் பதிவு செய்வது காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் அழிக்கப்படுவது மற்றதிலும் அக்கணமே அழிந்துவிடும். எனவேதான் குறைந்தது மூன்று பிரதிகள், இரு வகையான சாதனங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைத் துறைசார்ந்தோர் வலியுறுத்துகின்றனர். அவற்றுள் ஒன்றேனும் வலையமைப்பிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்டிருத்தல் அவசியம். ஏனெனில் இத்தகைய மென்பொருள்கள், இணைப்பில் உள்ள காப்புப் பிரதிகளையும் தேடிப் பூட்டிவிடக் கூடியவை.

இந்தப் பணியை நாள்தோறும் மனிதர் செய்வது சிரமம் என்பதால் அது தானியங்கி முறையிடம் ஒப்படைக்கப்படுகின்றது. ஆபத்தும் இங்குதான் ஆரம்பமாகின்றது. தானாக நடக்கும் வேலை நின்றுபோனாலும் மின்னஞ்சல் வழமைபோல் வந்துகொண்டிருக்கும். எவரும் குறையை உணரமாட்டார்கள்.

2017 ஜனவரி 31 ஆம் திகதி 'கிட்லாப்' எனும் சர்வதேச மென்பொருள் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த உதாரணமாகும். பொறியியலாளர் ஒருவர் தவறுதலாகப் பிரதான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடியபோது, அது இருக்கவேண்டிய சேமிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமையால் தானியங்கிப் பணி தோல்வியடைந்து வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் எவரையும் சென்றடையவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது.

ஆகவே, காப்புப் பிரதி எடுப்பதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. இறுதிப் பிரதியின் திகதி என்ன, அதன் அளவு முன்னைய பிரதியுடன் ஒப்பிடத்தக்கதா என்பவற்றை நாள்தோறும் பார்ப்பதற்கு ஒருவர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். தோல்வி அறிவித்தலை மட்டும் நம்பியிராது, வெற்றி அறிவித்தல் வராத நாளையும் தோல்வியாகவே கருத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறித்த கால இடைவெளியில் பிரதியை வேறொரு கணனியில் மீட்டு, கடிதங்கள் திறக்கின்றனவா எனப் பரீட்சிக்க வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதி வெறும் நம்பிக்கை மாத்திரமே.

இது கொழும்பின் பிரச்சினை மட்டுமன்று. கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் ஒருவர் தமது காணி குறித்தோ ஓய்வூதியம் குறித்தோ திணைக்களமொன்றுக்கு எழுதிய மின்னஞ்சல், அந்த நூறு நாட்களுக்குள் அகப்பட்டிருப்பின், அது கிடைத்ததற்கான சான்று அரசிடம் இல்லாது போயிருக்கக் கூடும். அவரிடம் ஒரு பிரதி இருந்தால் மட்டுமே அவரது நியாயம் எஞ்சும்.

கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் வர்த்தகர்களின் கொள்வனவுக் கட்டளைகள், கடன் கணக்குகள், பள்ளிவாசல் நிர்வாகங்களின் அறிவித்தல்கள் எனப் பலவும் இன்று 'வட்ஸ்அப்' வழியாகவே நடைபெறுகின்றன. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் அதன் காப்புப் பிரதி கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடத்துக்குள்ளேயே அதுவும் அடங்க வேண்டும். அவ்விடம் நிறைந்ததும் பிரதி எடுப்பது நின்றுவிடும். 2021 முதல் கிடைக்கும் மறைகுறியாக்கப்பட்ட காப்புப் பிரதியைத் தெரிவு செய்தோர், தொலைபேசியையும் இழந்து கடவுச்சொல்லையும் மறந்தால், அந்நிறுவனத்தாலும் அதனை மீட்டுத்தர இயலாது. எனவே 'அரட்டைக் காப்புப் பிரதி' என்ற பகுதியைத் திறந்து, இறுதிப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது என்பதை மாதம் ஒருமுறையேனும் பார்ப்பது நன்று. முக்கியமான கணக்குகளை வேறாகப் பதிவுசெய்து, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வைத்தல் அதனினும் நன்று. பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணைக் கடைகளுக்குள் புகும்போது, மூலத்தையும் அதே மேசையிலுள்ள பிரதியையும் வெள்ளம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

2023 ஆம் ஆண்டின் இழப்புக்குப் பின்னர், இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட காப்புப் பிரதி நாள்தோறும் எடுக்கப்படும் என உறுதியளிக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. அப்பிரதிகள் இறுதியாக எப்போது மீட்டுப் பரீட்சிக்கப்பட்டன என்பதையும் மக்களுக்கு அறியத்தருவது அரசின் பொறுப்பாகும். ஏனெனில் அங்கு சேமிக்கப்பட்டிருப்பவை மக்களின் முறையீடுகளும் உரிமைகளுமாகும்.