காஷ்மீரத்துப் பனிக்காலமும் வீட்டு நெருப்பும்

'சில்லா' என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. நாற்பது நாள் தனித்திருந்து வணங்குதலையும், நாற்பது நாள் மார்க்கப் பணிக்குப் புறப்படுதலையும் நாம் அச்சொல்லால் குறிக்கிறோம். நாற்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த அதனையே காஷ்மீர மக்கள் கடுங்குளிருக்குப் பெயராக்கியிருக்கின்றனர். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் 'சில்லை கலான்', அதாவது பெரிய சில்லா. அதனைத் தொடர்ந்து இருபது நாள் சிறிய சில்லாவும், பத்து நாள் குழந்தைச் சில்லாவும் வரும்.

இதற்கான ஏற்பாடு கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. கத்தரி, சுரை, தக்காளி முதலியவற்றை அரிந்து வெயிலில் உலர்த்திச் சேமிக்கின்றனர். மலைப்பாதைகள் அடைபட்டபின் அடுக்களை அவற்றை நம்பியே இயங்கும்.

வீட்டின் முதற்கவலை கூரை. பத்துச் சதுர மீட்டர் பரப்பின்மேல் ஓரடி உயரத்துக்குப் புதுப்பனி படிந்தால் அதன் எடை ஏறத்தாழ 300 கிலோ. ஈரமேறி இறுகிய பனியாயின் அதே ஓரடி 900 கிலோவையும் எட்டும். பழங்காலத்தில் பூர்ஜ மரப்பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் மண் பரப்பினர். வசந்தத்தில் அக்கூரைகளில் மலர்கள் பூத்தன. இன்று சரிவான தகரக் கூரைகளே மிகுதி. பனி தானே வழுக்கி விழுவதால் கூரைக்குச் சுமை குறைகிறது. கீழே நடப்பவருக்கோ அதுவே ஆபத்து.

ஆயினும், பனியினும் கொடியது குளிருக்கு அஞ்சி நாமே மூட்டும் நெருப்பு என்பது என் கருத்து. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி பொருத்திய 'காங்க்ரி'யில் கரித்தணலை இட்டு, 'ஃபிரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக் கொள்வது அங்குள்ளோர் வழக்கம். திறந்த வெளியில் அது நல்ல துணை. சாளரங்களை இறுக அடைத்த அறையில் கரி எரியும்போது நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. குருதி உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஆற்றலை அது பறிப்பதால், உறங்குபவர் விழிக்காமலே மாண்டு போகிறார். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தினர் ஐவர் மூச்சடைத்து இறந்தனர். அவர்களுள் மூவர் குழந்தைகள். உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரிய விடாதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். தீப்பற்றும் என்ற அச்சத்தோடு மட்டும் அதனைப் பொருத்திப் படித்து வந்தோம். நச்சுவாயுவுக்கும் அது முற்றிலும் பொருந்துகிறது. படுக்குமுன் தணலை வெளியேற்றுவதும், சாளரத்தைச் சிறிது திறந்து வைப்பதும், புகைபோக்கியின் வாயைப் பனி மூடாது காப்பதும் உயிர்காக்கும் செயல்கள்.

இவ்வகையில் ஹம்மாம் அறிவார்ந்த அமைப்பு. கற்பலகைத் தரைக்கு அடியில் விறகு எரிகிறது. அடுப்பின் வாய் அறைக்கு வெளியே இருக்கிறது. புகை கல்லின் கீழாகச் சென்று புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. வெப்பம் மட்டும் உள்ளே வருகிறது. அதே அடுப்பு செப்புக் கொப்பரையிலுள்ள நீரையும் உளூவுக்காகச் சூடாக்குகிறது. காஷ்மீரத்தின் பள்ளிவாசல்கள் பலவற்றில் இவ்வமைப்பு உண்டு.

பள்ளிக்குச் செல்லவே இயலாத பனியாயின் மார்க்கம் வழி விட்டிருக்கிறது. குளிர்ந்த இரவொன்றில் மக்காவை அடுத்த ளஜ்னானில் பாங்கு சொன்ன இப்னு உமர் (ரலி) அவர்கள், அவரவர் தங்குமிடத்திலேயே தொழுமாறு அறிவித்தார்கள். பயணத்தில் நபியவர்கள் அவ்வாறு அறிவிக்கச் செய்ததையும் எடுத்துரைத்தார்கள். ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, குளித்தால் உயிர் போகும் என்று அஞ்சிய அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். செய்தி அறிந்த நபியவர்கள் சிரித்தார்கள்; எதுவும் கூறவில்லை. எனினும் நீரைச் சூடாக்கிக் கொள்ள வசதி உள்ளவருக்கு இச்சலுகை இல்லை என்பது சட்ட அறிஞர்களின் விளக்கம். ஹம்மாம் எரியும் ஊரில் குளிரைச் சாக்காகக் கூற இடம் குறைவுதான்.