ஐந்தாவது தந்தி

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்கத்தின் இசைக்குழு மேடை ஏறியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடியவர்கள் நன்றாகவே பாடினார்கள். தபேலாவும் கீபோர்டும் குறை வைக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு அடியில் "பொத், பொத்" என்று ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்ததல்லவா? ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணினார்கள். ஒலிபெருக்கி மீது பழி இல்லை. அது நான் தேர்ந்தெடுத்து வாங்கி வந்த ஐந்து தந்தி பேஸ் கிதாரின் ஓசை.

இரண்டு ஆண்டுகள் விழாக்களில் இட்லியும் சுண்டலும் விற்றுச் சேர்த்த சங்கப் பணம் அதற்குப் போயிற்று. பௌதிகம் படிக்கிறவன் என்று என்னை நம்பி அனுப்பினார்கள். நான் பார்த்ததோ கருவியின் சிவப்பு நிறத்தையும், ஐந்து என்ற எண்ணையுந்தான். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டதை அவர் கொடுத்தார். இதில் என்னை உறுத்துவது பணம் மட்டுமன்று. அன்று அக்கருவியை வாசித்த முதலாண்டு மாணவத் தம்பி, பிழை தன் விரல்களில்தான் என்று எண்ணி மூன்று வாரம் பயிற்சிக்கே வராமல் இருந்துவிட்டான்.

அக்கருவியைப் பாதி விலைக்கு விற்றாயிற்று. இப்போது மீண்டும் முப்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. வாங்கி வரும் பொறுப்பைப் பொதுக்குழு மறுபடியும் என்னிடமே கொடுத்திருக்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன், நான் கற்றுக்கொண்டதை எல்லோரும் படிக்க எழுதி வைப்பது என் கடமை.

ஐந்தாவது தந்தி எதற்கு?

பேஸ் கிதார் வயதில் இளைய கருவி. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியே இதனை உலகெங்கும் பரப்பியது. ஆளுயரமுள்ள டபுள் பேஸ் வாத்தியத்தின் நான்கு தந்திகளை, அதே சுருதியில், தோளில் மாட்டிக்கொள்ளும் கட்டைக்கு அவர் கொண்டுவந்தார். தடித்த தந்தியிலிருந்து வரிசையாக அவை ஈ, ஏ, டி, ஜி எனப்படும். 1965-இல் ஃபெண்டர் நிறுவனம் ஐந்து தந்திக் கருவி ஒன்றையும் வெளியிட்டது. ஆனால் அதில் கூடுதலாகச் சேர்ந்தது மேல் ஸ்தாயித் தந்தி. இன்று நாம் பேசும் ஐந்தாவது தந்தி அதுவன்று. ஈ தந்திக்கும் கீழே ஒலிக்கும் பி தந்தி. 1980-களில் மின்னணுக் கீபோர்டுகள் மிகத் தாழ்ந்த ஒலிகளை எளிதாக எழுப்பத் தொடங்கியபோது, அவற்றுக்கு ஈடு கொடுக்கவே இவ்வகைக் கருவி பரவலாயிற்று.

நமக்கு இது தேவையா? நம் கட்டைக் கணக்கிலேயே பார்ப்போம். ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் கேட்பது மூன்று கட்டைச் சட்ஜம். நான்கு தந்திக் கருவிக்கு அதுதான் தரை. நம் ஆண் பாடகர்களோ ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று நிற்பவர்கள். அவர்களுடைய சட்ஜத்தை நான்கு தந்திக் கருவியில் ஒரு ஸ்தாயி மேலேதான் பிடிக்க முடியும். பி தந்தி இருந்தால் இரண்டரை, இரண்டு, ஒன்றரை, ஒன்று ஆகிய நான்கு சுருதிகளும், அவற்றுக்குக் கீழே இன்னும் ஒரு சுரமும் கிடைக்கும். இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்டவர்கள், பேஸ் என்பது தாளத்துக்குத் துணை போவது மட்டுமன்று, பாட்டின் அடியில் தனியே நடக்கும் இன்னொரு பாட்டு என்பதை அறிவார்கள். அந்த நடைக்குக் கீழே இடம் இருப்பது நல்லதே.

ஆனால் ஒன்று. இரண்டு கட்டைக்குக் கீழே போகத் தேவையில்லாத குழு, நல்ல நான்கு தந்திக் கருவி ஒன்றை வாங்கி, ஈ தந்தியைச் சற்றே தளர்த்தி இரண்டு கட்டைக்குக் கொண்டுவந்தால் போதும். அதே விலையில் நான்கு தந்திக் கருவி பெரும்பாலும் தரமானதாகக் கிடைக்கும். நம் குழுவில் ஒரு கட்டைப் பாடகர் இருவர் இருப்பதால்தான் ஐந்து வேண்டும் என்கிறேன்.

தந்தியின் கணக்கு

பதினேழாம் நூற்றாண்டில் மெர்சன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தந்தியின் விதிகளை வகுத்தார். தந்தி நீளமானால் சுருதி தாழும், கனமானால் தாழும், இழுவிசை கூடினால் உயரும். ஈ தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. பி தந்தி ஏறத்தாழ 31 முறை. அஃதாவது முக்கால் பங்கு. இழுவிசை இவ்விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஈ தந்தியையே தளர்த்திப் பி சுருதிக்குக் கொண்டுவந்தால், அதன் இழுவிசை 56 சதவீதமாகக் குறைந்துவிடும். தந்தி துணி காயப்போடும் கொடியைப் போல் ஆடும்.

இதற்கு மருந்து தந்தியைத் தடிப்பாக்குவது. ஈ தந்தி வழக்கமாக 0.105 அங்குலம், பி தந்தி 0.130 அங்குலம். கனம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஆகிறது. இழுவிசை ஈ தந்தியினதில் 86 சதவீதம் வரை மீள்கிறது. இன்னொரு மருந்து நீளம். வழக்கமான நீளம் 34 அங்குலம். சிலர் 35 அங்குலத்தில் செய்கிறார்கள். அந்த ஓர் அங்குலத்தால் இழுவிசை 6 சதவீதம் கூடும். 30 அங்குலக் குட்டைக் கருவியிலோ 22 சதவீதம் குறையும். ஐந்து தந்தி வேண்டுவோர் குட்டைக் கருவியை விலக்குவதே நன்று.

விழா முடிந்த மறுநாள், நம் பழைய கருவியின் பி தந்தியை ஆய்வுக்கூடத்து ஸ்க்ரூ கேஜில் வைத்து அளந்தேன். 0.120 அங்குலம்! கணக்குப் போட்டால் 73 சதவீதம். தந்தியை மாற்றினோம், பாதிக் குறை தீர்ந்தது. மறுபாதி, முறுக்கிக்கொண்டிருந்த அதன் கழுத்தில் இருந்தது. அதற்கு மருந்தில்லை.

கடையில் செய்ய வேண்டியவை

கொல்கத்தாவில் லால்பஜார் பக்கத்துக் கடைகளில் கருவியை எடுத்து வாசித்துப் பார்க்கலாம். யமாஹா, ஐபனேஸ், கோர்ட், ஸ்குவையர் போன்ற பெயர்களில் நடுத்தர விலைக் கருவிகள் உண்டு. பெயரைவிடக் கையில் இருக்கும் அந்த ஒரு கருவியே முக்கியம். ஒரே வகையில் இரண்டு கருவிகள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. சோதனைகள் இவை:

முதலாவது, கழுத்து. அடிக்கட்டைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். முறுக்கல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பின்பு பி தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கலாம். மிகுந்தாலும் குறைந்தாலும், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யச் சொல்லுங்கள். கண்ணெதிரில் சரியாக வேண்டும்.

இரண்டாவது, இதுவே தலையாய சோதனை. பி தந்தியின் ஐந்தாவது மெட்டை அழுத்தினால் வருவது ஈ. அதனையும் திறந்த ஈ தந்தியையும் மாறி மாறி மீட்டுங்கள். சுருதி ஒன்றே. உரப்பும், தெளிவும், நீடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றனவா? ஒன்று சுரமாகவும் மற்றொன்று ஓசையாகவும் கேட்டால் அக்கருவி வேண்டாம்.

மூன்றாவது, பி தந்தியில் மெட்டு மெட்டாக ஏறுங்கள். எங்காவது கரகரக்கிறதா, ஒலி சட்டென்று செத்துவிடுகிறதா என்று கேளுங்கள்.

நான்காவது, பன்னிரண்டாவது மெட்டின் நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டிய ஒலியும், அதே மெட்டை அழுத்தி மீட்டிய ஒலியும் ஒத்திருக்க வேண்டும். கைப்பேசியிலுள்ள டியூனரே இதற்குப் போதும். வேறுபட்டால் குதிரையில் அத்தந்திக்குரிய திருகைப் பின்னே நகர்த்தலாம். திருகு கடைசிவரை போயும் சுருதி கூடியே நின்றால், கருவி அமைப்பிலேயே குறை.

ஐந்தாவது, வாரை மாட்டிக்கொண்டு கையை விட்டுப் பாருங்கள். ஐந்து பிரடைகளின் பாரத்தால் தலை கீழே சாய்ந்தால், வாசிப்பவர் இடக்கை முழுநேரமும் சுமை தாங்கும். தந்திகளின் இடைவெளியையும் பாருங்கள். குதிரை அருகே 16.5 முதல் 19 மில்லிமீட்டர் வரை கருவிக்குக் கருவி மாறும். எது நல்லது என்பதை வாசிப்பவர் விரல்தான் சொல்லும்.

பணத்தைப் பங்கிடுதல்

முப்பதாயிரம் இருக்கிறது என்று முப்பதாயிரத்துக்கும் கருவி வாங்கலாகாது. புதுத் தந்திகள், கேபிள், அகலமான தோள்வார், கழுத்தும் குதிரையும் சீர் செய்யும் கூலி, இவற்றுக்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்க வேண்டும். மின்கலம் வைத்த கருவியானால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியிருக்கும் வரை மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும்.

ஒலிபெருக்கி சிறியதாயிற்றே என்று சிலர் கேட்கலாம். வினாடிக்கு 31 அதிர்வுள்ள ஒலியை 8 அங்குல ஒலிபெருக்கி சரியாக எழுப்பாது என்பது உண்மையே. எனினும் 62, 93, 124 என்ற மேற்சுரங்கள் தெளிவாகக் கேட்டால், அடிப்படைச் சுரத்தை நம் செவி தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். மேற்சுரங்கள் தெளிவாக வரவேண்டுமாயின், தந்தி இறுக்கமாகவும் கழுத்து உறுதியாகவும் இருக்க வேண்டும். ஆக, எங்கு சுற்றினாலும் அந்த ஐந்தாவது தந்தியிடமே வந்து சேர்கிறோம். மற்ற நான்கும் எந்தக் கருவியிலும் ஒருவாறு ஒலித்துவிடும். விலையைக் குறைக்கச் செய்த சமரசமெல்லாம் பி தந்தியில்தான் வெளிப்படும்.

நிற்க. வருகின்ற சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். இம்முறை நான் தனியே போகவில்லை. தம்பி உடன் வருகிறான். பணப்பையும் ஸ்க்ரூ கேஜும் என்னிடம் இருக்கும். கருவி அவன் கையில் இருக்கும். ஐந்தாவது மெட்டையும் திறந்த ஈ தந்தியையும் அவன் மாறி மாறி மீட்டி, போதும் என்று தலையசைத்த பிறகே நான் பையைத் திறப்பேன். சென்ற ஆண்டு பிழை செய்தவை அவனுடைய விரல்கள் அல்ல என்பதை அவனே தன் காதால் கேட்கட்டும்.