மெட்டா, வரியா... முதல்ல வர்றது எது? ஒரு சினிமா பாட்டு உருவாகும் விதம்

இளையராஜா பாடல்களின் காப்புரிமை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் சமூக வலைதளங்களில் ஒரு சண்டை தொடங்கிவிடும். "மெட்டு போட்டது அவர், அப்போ பாட்டும் அவரோடதுதான்" என்பது ஒரு தரப்பு. "வரி எழுதினவர் எங்கே போனார்?" என்பது இன்னொரு தரப்பு. 2024-ல் அவரது வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தபோதும், வரிகள் இல்லாமல் பாடல் ஏது என்ற கேள்வி எழுந்தது. பதில் தெரியணும்னா, பாட்டு எப்படி உருவாகுதுன்னு முதல்ல பார்க்கணும்.

தத்தகாரம் என்றால் என்ன?

தமிழ் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். இயக்குநர் காட்சியைச் சொல்வார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒரு மெட்டைப் பிடிப்பார். அதில் வார்த்தை இருக்காது. 'தன தானா', 'தன்னானே' என்று பாடிக் காட்டுவார். இதுதான் தத்தகாரம். வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டுப் பாடினால் அது 'டம்மி' வரி.

பாடலாசிரியருக்குச் சவால் இங்கேதான். 'தன தானா' என்ற சந்தத்துக்கு 'வருவாயா' என்ற சொல் கச்சிதமாக உட்காரும். 'வந்தாயா' உட்காராது. அர்த்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா குறில் இருக்க வேண்டிய இடத்தில் மெய்யெழுத்து வந்து இடிக்கும். பாடகர் இழுத்துப் பாடும் இடத்தில் ஆ, ஏ, ஓ மாதிரி நெடில் கிடைத்தால் நல்லது. 'க்', 'ட்' என்று அடைக்கும் எழுத்து வந்தால் குரல் நின்றுவிடும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளேயும் காட்சிக்கான அர்த்தம் வரணும், கவிதையாகவும் இருக்கணும். "மெட்டுக்குச் சொல்லை நிரப்புறது சும்மா வேலை" என்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்!

வரி முதலில் வருவதும் உண்டு. 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பாரதியாரின் பாடல்களுக்கு ஜி.ராமநாதன் இசையமைத்தார். அங்கே கவிதை எப்போதோ எழுதி முடிக்கப்பட்டது. இசைதான் அதற்குப் பின்னால் நடக்க வேண்டும்.

சின்ன வயசு தாக்கம் என்ன செய்கிறது?

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவுக்கு முதல் பள்ளி, அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழு. ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்த அனுபவம் அது. ஒரு சுவாரஸ்யம்: நேரு மறைவுக்குக் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்ததுதான் அவரது முதல் முயற்சியாகச் சொல்லப்படுகிறது. மெட்டுக்குப் பேர் போனவர், வரியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்.

பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது கிராமத்து மெட்டும் மேற்கத்திய ஒழுங்கும் ஒரே கையில் இருந்தன. ஒவ்வொரு கருவிக்கும் உரிய ஸ்வரக் குறிப்பைத் தானே தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சேர்த்தே அர்ப்பணித்ததும் இந்தக் கலவையால்தான்.

ஏ.ஆர்.ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரின் மாணவர்தான். ஆனால் வளர்ந்த வீடு வேற மாதிரி. அப்பா ஆர்.கே.சேகர், மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். ரஹ்மானுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவர் இறந்துவிட, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. சிறுவயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போனவர், பின்னர் வீட்டிலேயே ஸ்டுடியோ கட்டினார். தாளில் எழுதி முடித்து வாசிப்பதைவிட, ஒலியை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, கழித்துச் சேர்த்துப் பாட்டைக் கண்டுபிடிப்பது அவர் பாணி. 1992-ல் வந்த 'ரோஜா' படத்துக்காக அவருக்கு இசைக்கான தேசிய விருது கிடைத்தது. அதே படத்துக்குப் பாடல் வரிக்கான விருது வைரமுத்துவுக்குப் போனது.

சட்டம் யார் பக்கம்?

இரண்டு விருது மாதிரி, சட்டத்திலும் இரண்டு கணக்கு. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இசையைத் தனிப் படைப்பாகப் பார்க்கிறது; அதில் சொற்கள் சேராது. வரிகள் இலக்கியப் படைப்பு. ஆகவே எது முதலில் பிறந்தது என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை.

ஆனால் நடைமுறையில் நீண்ட காலம் இருவருக்குமே பெரிய பலன் இல்லை. படத்துக்காகத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து உருவாக்கிய பாட்டில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-ல் கொண்டுவந்த திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்ற பயன்பாடுகளுக்கு, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டியில் சம பங்கு பெறலாம். அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது.

70, 80-களின் பாடல்களுக்கு இது அவ்வளவு நேராகப் பொருந்துவதில்லை. அன்றைக்கு யார் யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டார்கள், அதில் எந்த உரிமை கைமாறியது என்று பாட்டுக்குப் பாட்டு பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலப் பாடல்கள் இன்னும் கோர்ட் படி ஏறுவது அதனால்தான்.