படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் படிப்புக்கு உதவுகிறதா?

"பிள்ளைங்க படிப்புக்கு" என்று சொல்லித்தான் எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைகிறது. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கும் அம்மாவும் மாதத் தவணை கட்டி வாங்கித் தருகிறார்கள். ஒரு மாதம் போனால் அதில் ஓடுவது யுடியூபும் கேம்ஸும்தான். பரீட்சை வந்ததும் துணி போட்டு மூடி விடுகிறார்கள். தவணை மட்டும் நிற்பதில்லை!

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பில் நடக்கும் பாடத்தையும் வீட்டில் இருக்கும் மெஷினையும் எங்கே இணைப்பது என்று அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. காட்டுவதற்கு நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஸ்கூல் பையைத் திறந்து பாடப் புத்தகத்தை எடுங்கள். இணைப்பு அதிலேயே அச்சாகி இருக்கிறது.

தமிழக அரசு 2018-ல் பாடத்திட்டத்தை மாற்றியபோது 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு முதலில் புதிய புத்தகங்கள் வந்தன. பாடங்களின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோட் அச்சிட்டிருந்தார்கள். செல்போன் கேமராவைக் காட்டினால் மத்திய அரசின் திக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு மில்லுக்குப் போய்விடுமே, என்ன செய்வது? கட்டத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரில் திக்‌ஷா வெப்சைட்டைத் திறந்து, தேடும் பெட்டியில் அந்த ஆறையும் டைப் செய்திடுங்கள். போன் தேவையில்லை. 6 முதல் 12 வரை படிப்பவர்கள் பள்ளிக்கல்வித் துறை 2023-ல் தொடங்கிய மணற்கேணி தளத்தையும் பார்க்கலாம். பாடங்கள் அனிமேஷனாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். வீடியோ ஓடும், பிள்ளை பார்க்கும், அவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020 கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடங்களை வீடு வரை கொண்டுவந்தது. பெரிய உதவி. ஆனாலும் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பித்தான் விட்டுப்போன பாடங்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. திரை கேள்வி கேட்காது; புரியவில்லை என்று முகம் சுளித்தாலும் அதற்குத் தெரியாது. சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

எனவே பிள்ளை கையால் எதையாவது மாற்றிப் பார்க்கும் வகையைத் தேடுங்கள். கணக்குப் புத்தகத்தில் பல பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. என் கணக்கில் புத்தகத்திலேயே நல்ல பக்கம். அங்கே தரப்படும் முகவரிகள் பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்ற இலவச சாப்ட்வேருக்குக் கொண்டு போகும். மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை அது. ஏதாவது முகவரி திறக்காவிட்டால், பாடத்தின் பெயரைப் போட்டு ஜியோஜீப்ரா தளத்தில் தேடுங்கள். 'ஜியோஜீப்ரா கிளாசிக்' பதிப்பை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாதபோதும் வேலை செய்யும்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்றக் கோணம் வருகிறதல்லவா? புத்தகத்தில் ஏதோ ஒரு கோபுரம், ஏதோ ஒரு மனிதன். நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும்போது ஏதோ ஒரு கோபுரம் எதற்கு? வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் 11 நிலை, சுமார் 192 அடி. ஒரு கட்டத்துக்கு 12 அடி என்று வைத்தால் 16 கட்டம் உயரம்.

ஜியோஜீப்ராவில் பாயின்ட் டூலை கிளிக் செய்து, இரு அச்சுகளும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அது கோபுரத்தின் அடி. நேர் மேலே 16-ல் இன்னொரு புள்ளி, அது உச்சி. மூன்றாவது புள்ளியைப் படுக்கை அச்சின் மேல் வலப்பக்கம் எங்காவது வையுங்கள். அங்கே நிற்பது உங்கள் பெண். செக்மென்ட் டூலால் மூன்றையும் இணையுங்கள். பிறகு ஆங்கிள் டூலை எடுத்து உச்சி, பெண், அடி என்ற வரிசையில் கிளிக் செய்திடுங்கள். கோணம் திரையில் வரும். 300-க்கு மேல் ஏதாவது எண் வந்தால் வரிசை மாறிவிட்டது என்று அர்த்தம்.

இனி மவுஸால் மூன்றாவது புள்ளியை இழுக்கச் சொல்லுங்கள். 16-ல், அதாவது 192 அடியில் நின்றால் 45 டிகிரி. கோபுரத்தை நெருங்கி 111 அடிக்கு வந்தால் ஏறக்குறைய 60. பின்வாங்கி 333 அடிக்குப் போனால் 30. இருமடங்கு தூரம் போனால் கோணம் பாதியாகிவிடும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இங்கேதான் சந்தேகம் வரும். 60-ஐ 30 ஆக்க மூன்று மடங்கு தூரம் போக வேண்டியிருக்கிறதே, ஏன்? அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி மறுநாள் கணக்கு டீச்சரிடம் கேட்கட்டும். டேன் 60, டேன் 30 அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்னதன் காரணம் அப்போது பிடிபடும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் நேரிலும் பார்த்துவிடலாம். ஒரு பாகைமானியின் நடுவில் நூலைக் கட்டி, நுனியில் சின்னக் கல்லைத் தொங்கவிட்டால் கோணம் அளக்கும் கருவி தயார். 45 டிகிரி வரும்வரை பின்னால் நடந்து, அந்தத் தூரத்தை அளந்து, பிள்ளையின் கண் மட்ட உயரத்தைக் கூட்டினால் கோபுர உயரம். சரியாக 192 வராது. கோபுரத்தின் நடு அடியிலிருந்து அளக்க முடியாதது ஒரு காரணம். எவ்வளவு வித்தியாசம் வந்தது, ஏன் வந்தது என்பதும் நல்ல பாடம்தான்.

அறிவியலுக்கு ஃபெட் என்ற தளம் இருக்கிறது. 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சில செயல்பாடுகள் தமிழிலும் கிடைக்கின்றன. பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் மவுஸால் இழுத்துச் சேர்த்து, தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணைகிறது, பக்க இணைப்பில் அணைவதில்லை என்று பார்க்கலாம். ஷாக் அடிக்காத லேப்!

தினம் அரை மணி நேரம் போதும், அன்று வகுப்பில் நடந்த பாடத்துக்கு மட்டும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து "இது ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டால் இன்னும் நல்லது. பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

செய்து முடித்த ஜியோஜீப்ரா படத்தை, பிள்ளையின் பெயரில் ஒரு போல்டர் திறந்து சேவ் செய்திடுங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இப்போது ஹைடெக் லேப் உள்ளது. டீச்சரிடம் முன்பே கேட்டுக்கொண்டு பென் டிரைவில் கொடுத்தனுப்பினால் வகுப்பு முழுக்க அந்தக் கோபுரத்தைப் பார்க்கும். திரும்பி வந்ததும் பென் டிரைவைத் திறப்பதற்கு முன் ஆன்டி வைரஸால் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள்.