சிறகு வைத்தியம் – 6: ஈயம் தின்ற கழுகுகள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நவம்பர் என்றால் மான் வேட்டைக் காலம். லைசென்ஸ் வாங்கிய லட்சக்கணக்கானோர் துப்பாக்கியோடு காட்டுக்குள் இறங்குவார்கள். கொஞ்ச நாளில் செயின்ட் பால் நகரின் 'ராப்டர் சென்டர்' மருத்துவமனைக்கு வெண்தலைக் கழுகுகள் வந்து சேரும். பலவற்றின் உடம்பில் குண்டுக் காயமோ எலும்பு முறிவோ இருக்காது. ஆனால் நிற்கத் தெம்பு இருக்காது. தலை தொங்கும், மூச்சு இரைக்கும், எச்சம் கரும்பச்சையாக இருக்கும். ரத்தத்தைச் சோதித்தால் ஈயம்.

இந்த மையம் 1974-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவானது. பறவைகளின் செரிமானத்தை ஆராய்ந்த பேராசிரியர் கேரி டியூக்கும், இளம் கால்நடை மருத்துவர் பேட்ரிக் ரெடிக்கும் தொடங்கியது. கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை என்று ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் இரைகொல்லிப் பறவைகள் இன்று இங்கே சிகிச்சைக்கு வருகின்றன.

காயம் ஆறினால் மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வேட்டையாட முடியாத பருந்துக்குக் காட்டில் பட்டினிதான். ஆகவே காலில் நீளமான கயிறு கட்டி, திறந்த வெளியில் பறக்கவிட்டுப் பழக்குகிறார்கள். ராஜாக்கள் காலத்திலிருந்து வல்லூறு வளர்ப்போர் கையாண்ட உத்தி இது. இறகு ஒடிந்திருந்தால், வேறொரு பறவை உதிர்த்த இறகை அதே இடத்தில் பொருத்துவதும் அவர்களிடமிருந்து வந்ததுதான். தாயைப் பிரிந்த குஞ்சு மனிதரைத் தன் இனமென்று நம்பிவிட்டால் பிறகு மீளாது. அதனால் ஆள் முகம் தெரியாமல்தான் இரை ஊட்டுகிறார்கள்.

இதையெல்லாம்விட இந்த மையத்தின் பெரிய சாதனை நோயாளிப் பதிவேடுதான். எந்தப் பறவை, எந்த மாதம், எங்கிருந்து வந்தது, ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். முதலில் சந்தேகம் வாத்து வேட்டை மேல் விழுந்தது. வாத்தைச் சுடும் தோட்டாவில் சிறு சிறு ஈய ரவைகள் இருக்கும். அடிபட்டும் தப்பிய வாத்தைக் கழுகு தின்னும். 1991-ல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா முழுக்கத் தடை செய்தார்கள். பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. 1980 முதல் 1995 வரையிலான பதிவுகளை ரெடிக் குழு அலசியபோது, ரத்தத்தில் ஈயத்தின் அளவு குறைந்திருந்தது. நஞ்சேறி வரும் கழுகுகளின் விகிதமோ குறையவில்லை. அப்படியானால் ஈயம் வேறெங்கிருந்தோ வருகிறது. நோயாளிகள் வந்த மாதத்தையும் இடத்தையும் பார்த்தபோது விரல் மான் வேட்டையை நோக்கி நீண்டது. வேட்டைக்காரர் மானை அந்த இடத்திலேயே கிழித்து, குடலை விட்டுவிட்டு இறைச்சியை எடுத்துப்போவார். உடம்புக்குள் பாயும் ஈயத் தோட்டா கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். அந்தக் குடல் குவியல்தான் கழுகுக்கு விருந்து. அதன் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். அரிசிமணி அளவு துணுக்கே ஒரு கழுகைக் கொல்லப் போதும்.

ரத்தத்திலுள்ள ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்டு. ஆனால் நரம்பும் இதயமும் கெட்டபின் வரும் கழுகுகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. பிழைத்துக் காட்டுக்குத் திரும்பினாலும் அடுத்த நவம்பரில் அதே குடல் குவியல் காத்திருக்கும்.

இங்கேதான் மையத்தின் இன்னொரு பாதி வருகிறது. இனி காட்டில் பிழைக்க முடியாத பறவைகளில் பலவற்றுக்கு வலியில்லாத மரணம் தருகிறார்கள். மனிதர் நடுவே பதறாமல் இருக்கக்கூடிய சில மட்டும் ஆசிரியர்களாகின்றன. தோல் கையுறை மேல் அமர்ந்து பள்ளிக்கூடங்களுக்கும் மக்கள் கூடும் இடங்களுக்கும் போகின்றன. கழுகை இரண்டடி தூரத்தில் பார்த்தவருக்கு ரத்தப் பரிசோதனை எண்களை விளக்கும் வேலை எளிதாகிவிடுகிறது. வேட்டையை நிறுத்தச் சொல்வதில்லை. தோட்டாவைச் செம்புக்கு மாற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை. செம்பு ஈயம்போல் பொடிப்பொடியாகச் சிதறாது.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 38 மாநிலங்களின் 1,210 கழுகுகளைச் சோதித்தது. வெண்தலைக் கழுகு, பொன்னாங்கழுகு இரண்டிலும் ஏறக்குறைய பாதிக்கு நாட்பட்ட ஈய நஞ்சு இருந்தது. மின்னசோட்டாவின் பதிவேடு சொன்னது ஒரு நாட்டின் கதையாகிவிட்டது. மருந்து ஊசியில் இல்லை, தோட்டா வாங்கும் கடையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு பறவை இப்படித்தான் செத்து விழுந்தது. இங்கே நஞ்சு, மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி. அடுத்த வாரம் ஹரியானாவின் பிஞ்ஜோர் பிணந்தின்னிக் கழுகு மையத்துக்குப் போவோம்.

(தொடரும்)